பெற்றோர் விட்டுச் சென்ற பயணம்

அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

புதுச்சேரி, காரைக்கால், கோட்டக்குப்பம், நாகூர் என நம் கடலோர ஊர்களில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் நிறைவேறாத பயணம் ஒன்றின் கதை கிடைக்கும். வாப்பா என்று அழைத்தாலும் அத்தா என்று அழைத்தாலும், அந்த மனிதர் வாழ்நாள் முழுதும் ஒரே ஆசையைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். கஅபாவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே அது. பிறகு ஒருநாள் அவர் மௌத்தாகிவிடுகிறார். பெட்டியில் பாஸ்போர்ட் இருக்கும். சில வீடுகளில் இஹ்ராம் துணியும் மடித்தபடி இருக்கும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். மதரஸாவில் பாடம் நடத்தும் நம்மிடம் ரமளான் முடிந்ததும் வருகிற கேள்விகளில் இது தவறாமல் இடம்பெறும்: பெற்றோர் போக விரும்பிய பயணத்தைப் பிள்ளைகள் போனால் அது அவர்களைச் சேருமா?

இக்கேள்வி புதியதன்று. 1400 ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டு, விடையும் பெற்றுவிட்டது. அந்த வரலாற்றையும், நம் முன்னோர் போகமுடியாமற் போனதன் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், நாம் செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகும்.

கேள்வி கேட்ட மகள்கள்

ஜுஹைனா குலத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவருடைய தாயார் ஹஜ் செய்வதாக நேர்ச்சை செய்திருந்தார்; நிறைவேற்றுமுன்பே இறந்துவிட்டார். தாயின் சார்பில் தாம் ஹஜ் செய்யலாமா என்று அப்பெண்மணி கேட்டார். செய்யுமாறு பணித்த நபியவர்கள், தாய்க்குக் கடன் இருந்தால் அதை நீ அடைக்கமாட்டாயா என்று வினவி, அடைக்கப்படுவதற்கு அல்லாஹ்வின் கடனே மிகத் தகுதியானது என்று விளக்கினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டின் இறுதி ஹஜ்ஜில் மற்றொரு நிகழ்ச்சி. கஸ்அம் குலத்துப் பெண்மணி ஒருவர், தம் தந்தை மீது ஹஜ் கடமையாகிவிட்டதாகவும், முதுமையால் அவரால் வாகனத்தின் மீது நிலையாக அமரக்கூட இயலவில்லை என்றும் கூறி, அவருக்காகத் தாம் செய்யலாமா என்று கேட்டார். அவருக்கும் ஆம் என்ற விடையே கிடைத்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கேட்டவர்கள் மகள்கள். நம் ஊர்களில் இதை மகன்களின் பொறுப்பாகவே பேசி வருகிறோம். பெண்மக்கள் கலந்தாலோசனையில்கூட அழைக்கப்படுவதில்லை. ஆனால் இந்தச் சட்டம் நமக்கு வந்து சேர்ந்த வாசல், பெற்றோரின் பயணத்தைப் பற்றிக் கவலைப்பட்ட இரண்டு மகள்களே.

மகன்களுக்கும் முன்மாதிரி உண்டு. மதீனாவின் தலைவர்களுள் ஒருவரான ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களின் தாயார் மௌத்தானபோது அவர் ஊரில் இல்லை. திரும்பி வந்து, தாயின் சார்பில் தர்மம் செய்தால் அது அவருக்குப் பயன்தருமா என்று நபியவர்களிடம் கேட்டு, ஆம் என்றதும் மிக்ராஃப் என்ற தம் தோட்டத்தையே தர்மமாக அளித்தார். தாயின் கடைசி நேரத்தில் அருகில் இல்லாத மகன்களுக்கு, குறிப்பாக வளைகுடாவிலும் பிரான்ஸிலும் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு, இந்தச் செய்தி பெரும் ஆறுதல்.

கப்பலைப் பார்த்து நின்ற தலைமுறைகள்

நம் முன்னோர் ஏன் போகவில்லை? ஆசை இல்லாமல் அல்ல. வழி அத்தனை கடினமாக இருந்தது.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியப் பெருங்கடலைத் தம் பிடியில் வைத்துக்கொண்டு, அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களைக் கைப்பற்றினர். ஹஜ் பயணிகள் பட்ட துன்பங்களை மலபாரின் அறிஞர் ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் தம் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் நூலில் பதிவு செய்துள்ளார்கள். பாதுகாப்பான வழி இல்லாத நிலையில் ஹஜ் கடமையாகுமா என்று அக்கால அறிஞர்கள் விவாதிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது.

நீராவிக் கப்பல் வந்தபின் தூரம் சுருங்கியது. ஆயினும் பயணம் எளிதாகிவிடவில்லை. 1865-இல் ஹஜ் காலத்தில் பரவிய காலரா ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. அதன் பின்விளைவாக, செங்கடலின் கமரான் தீவில் 1882 முதல் பயணிகள் இறக்கப்பட்டு, நோய்த்தடுப்பு முகாமில் நாட்கணக்கில் காத்திருக்க வைக்கப்பட்டனர். கப்பலிலும் முகாமிலும் இறந்தவர்கள் பலர். அவர்களை நினைக்கும்போது, அரஃபாவில் இஹ்ராமோடு வாகனத்திலிருந்து விழுந்து இறந்த நபித்தோழரைப் பற்றிய செய்தியும் நினைவுக்கு வருகிறது. அவரை அந்த ஆடைகளிலேயே கஃபனிடுமாறும், மறுமையில் அவர் தல்பியா கூறியபடியே எழுப்பப்படுவார் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

புதுச்சேரியின் நிலை இன்னும் விசித்திரமானது. வைத்திக்குப்பம் கடற்கரையில் இன்று நிற்பவர்கள், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களையும் மீனவர்களின் படகுகளையும் காண்பார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இதே கடற்பரப்பில், கரையை நெருங்க முடியாத பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சலங்கு எனப்படும் படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரும்புக் கடற்பாலம் 1952 புயலில் அழியும்வரை இத்துறைமுகத்தின் அடையாளமாக இருந்தது.

இக்கரையிலிருந்து நம் சமுதாயத்தார் பயணம் போகாமல் இல்லை. வணிகத்திற்காகவும் அரசுப் பணிக்காகவும் சைகோன் நகருக்குப் போனார்கள். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகை நடக்கும் இடமாக இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர்கள் மார்செய் துறைமுகம் வரை போனார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அக்கப்பல்கள் செங்கடல் வழியாகவே சென்றன. அதாவது, கிழக்குக் கரையில் ஜித்தா இருக்க, அதைத் தாண்டி அவர்கள் பிரான்ஸுக்குப் போனார்கள். திரும்பியபோதும் தாண்டியே வந்தார்கள். சம்பளம் தந்தவனின் கப்பல் அவர்கள் விரும்பிய கரையில் நிற்கவில்லை.

ஹஜ்ஜுக்குப் போக விரும்பியவர் வேறு வழியில் போக வேண்டியிருந்தது. 1879-இல் திறந்த விழுப்புரம் ரயில் பாதையில் ஏறி, சென்னை வழியாகப் பம்பாய் சென்று, அங்கே முஸாஃபிர்கானாவில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருந்து, பின்னர் ஒரு வாரத்திற்கும் மேல் கடலில் போக வேண்டும். மொகல் லைன் கப்பல்களின் பெயர்களை நம் முதியவர்கள் உறவினர் பெயரைப் போலச் சொல்லக் கேட்டிருக்கிறோம். போய்த் திரும்ப மாதங்கள் ஆகும். புறப்படுமுன் கடன்களை அடைத்து, ஊராரிடம் பிழை பொறுக்கக் கேட்டு, வஸிய்யத்தும் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு உலகப் போர்களின் போதும் இக்கப்பல் போக்குவரத்து பெரிதும் தடைபட்டது. பம்பாய் ஜித்தா கப்பல் பயணம் 1995-இல் நின்றது. அதன்பின் வானூர்தி ஒன்றே வழியானது.

குலுக்கலும் கொள்ளைநோயும்

கப்பல் காலத்தில் தடையாக இருந்தவை கடலும் காசும். நம் காலத்தில் இடமே தடையாகிவிட்டது. மினாவும் அரஃபாவும் கொள்ளும் மக்கள்தொகைக்கு எல்லை உண்டு. எனவே, 10 லட்சம் முஸ்லிம்களுக்கு 1000 பேர் என்ற விகிதத்தில் நாடுகளுக்கு இடம் ஒதுக்கும் முறை 1980களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பிப்போர் அதிகமாகவும் இடங்கள் குறைவாகவும் இருக்கும்போது குலுக்கல். ஆண்டுதோறும் விண்ணப்பித்து, ஆண்டுதோறும் பெயர் வராமல், முதுமை எய்தியவர்கள் நம்மிடையே ஏராளம்.

2020-ஐ எவரும் மறந்திருக்கமாட்டார்கள். குலுக்கலில் பெயர் வந்து, பணமும் கட்டியிருந்த நிலையில் கொரோனா பரவியது. அவ்வாண்டு வெளிநாட்டுப் பயணிகள் எவரும் அனுமதிக்கப்படவில்லை. 2021-இல் சவூதியில் வசிப்பவர்களுள் 60,000 பேருக்கு மட்டுமே வாய்ப்பு. 2022-இல் வாசல் திறந்தபோது, 65 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டுமே வரலாம் என்ற நிபந்தனை இருந்தது. இந்தியாவுக்கு 79,237 இடங்கள் கிடைத்தன. மிக நீண்ட காலம் காத்திருந்த முதியவர்கள் அந்த வாசலில் நிறுத்தப்பட்டார்கள். நோய்ப்பரவலைத் தடுக்க எடுத்த முடிவு அது; காரணத்தைக் குறைகூற முடியாது. ஆனால் 2023-இல் வயது வரம்பு நீங்கியபோது அவர்களுள் பலர் உயிரோடு இல்லை.

கடன் எது, ஆசை எது?

இங்கே பிள்ளைகள் நிதானிக்க வேண்டும். பெற்றோர் விட்டுச் சென்ற எல்லா ஆசைகளும் ஒரே தரத்தில் இல்லை.

தந்தைக்கோ தாய்க்கோ உடல்நலமும் பொருள்வசதியும் பாதுகாப்பான வழியும் அமைந்து, ஹஜ் கடமையாகி, அதை நிறைவேற்றாமல் இறந்திருந்தால் அது கடன். ஷாஃபிஈ மத்ஹபின்படி, அவர் வஸிய்யத் செய்யாவிட்டாலும், சொத்தைப் பங்கிடுமுன் அச்செலவை எடுத்துவைத்து, அவர் சார்பில் ஹஜ் செய்விக்க வேண்டும். பாகப்பிரிவினை என்பது வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகே என்று அந்நிஸா அத்தியாயம் வரையறுத்துள்ளது. ஹனஃபீ மத்ஹபில், அவர் வஸிய்யத் செய்திருந்தால் சொத்தில் மூன்றிலொரு பங்குக்குள் நிறைவேற்றுவது கடமை. செய்யாதிருந்தால் வாரிசுகள் மனமுவந்து செய்யலாம், அல்லாஹ் ஏற்பான் என ஆதரவு வைக்கலாம். நம் கடலோரக் குடும்பங்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டுக் குடும்பங்களில் ஹனஃபீகளும் மிகுதி. திருமண உறவால் இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. எனவே தத்தம் ஆலிமிடம் கேட்டுச் செய்வதே முறை.

வாழ்நாள் முழுதும் ஏழையாக இருந்து, ஆசையோடு மட்டும் இறந்தவர் மீது கடன் ஏதுமில்லை. ஆல இம்ரான் அத்தியாயம் சக்தி பெற்றவர் மீதே ஹஜ்ஜைக் கடமையாக்குகிறது. அவருக்காகப் பிள்ளைகள் செய்வது அன்பின் காணிக்கை. அதற்காகக் கடன் வாங்கவோ நகையை அடகு வைக்கவோ தேவையில்லை.

பதலி ஹஜ்ஜுக்குப் போகிறவர் முதலில் தம் ஹஜ்ஜை முடித்திருக்க வேண்டும். ஷுப்ருமா என்பவர் சார்பில் தல்பியா கூறிய ஒருவரிடம், நீர் உமக்காக ஹஜ் செய்துவிட்டீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவி, இல்லை என்றதும், முதலில் தமக்காகச் செய்யுமாறு பணித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹப் இதை நிபந்தனையாகவே கொள்கிறது. ஹனஃபீ மத்ஹபில் அது கூடும், ஆனால் விரும்பத்தக்கதன்று. ஒரு ஹஜ் ஒருவருக்கே. தாய் தந்தை இருவருக்கும் சேர்த்து ஒரே ஹஜ்ஜாக நிய்யத் வைக்க முடியாது. இந்திய ஹஜ் கமிட்டி வழியாக, சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையே போகலாம் என்பதால், பதலி ஹஜ்ஜுக்கு யார், எவ்வழியில் போவது என்பதையும் குடும்பம் முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஒரே ஆண்டில் பலருக்கு ஒருவரே பதலி ஹஜ் செய்வதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

எங்கள் குடும்பத்தின் அனுபவம்

சட்டம் நடைமுறையில் எப்படி அமைகிறது என்பதற்கு எங்கள் வீட்டையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். எங்கள் தந்தை புதுச்சேரியில் வலையும் கயிறும் விற்கும் சிறு கடை வைத்திருந்தார்கள். வசதி வந்த ஆண்டுகளில் மகள்களின் திருமணமும் வீட்டு வேலையும் முன்னே நின்றன. பிறகு விண்ணப்பித்தார்கள், 2020-க்குப் பெயர் வந்தது, பயணம் நின்றது. திரும்பி வந்த பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைத்து, வேறெதற்கும் தொடவில்லை. 2021-இல் மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பாகம் பிரிக்க அமர்ந்தபோது, முதலில் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசியவர் எங்கள் இளைய சகோதரி. அது எவருடைய பங்கிலும் சேராது, அது அத்தாவின் கடன் என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். தம்மாமில் பணிபுரியும் மூத்த சகோதரர் பல ஆண்டுகளுக்கு முன்பே தம் ஹஜ்ஜை முடித்திருந்தார். தந்தையின் சார்பில் இஹ்ராம் அணியும் பொறுப்பு அவருக்கு. எங்கள் தாயாரும் நாங்களும் எங்கள் கடமைக்காக ஹஜ் கமிட்டி வழியாக விண்ணப்பித்தோம். 2023-இல் பெயர் வந்தது. முந்தைய ஆண்டுகளில் கொச்சிக்கு மாற்றப்பட்டிருந்த புறப்பாட்டு நிலையம் அவ்வாண்டு மீண்டும் சென்னைக்கு வந்திருந்ததால் தாயாருக்குப் பயணம் இலகுவாயிற்று.

அவ்வாண்டு அரஃபா நாள் ஜூன் 27. அதற்கு முன் அஸீஸிய்யாவில் எங்கள் தங்குமிடத்துக்குச் சகோதரர் வந்தபோது, தாயார் அவரிடம் ஊர்ச் செய்தி எதையும் பேசவில்லை. தந்தையின் பெயரைத் தெளிவாகச் சொல்லித்தான் நிய்யத் வைத்தாயா என்று கேட்டார்கள். ஆம் என்றதும், கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்கள். 2020-க்காகத் தந்தை வாங்கி வைத்திருந்த இஹ்ராம் துணி அது. சகோதரர் அதைத்தான் மினாவுக்குப் புறப்படும்போது உடுத்திக்கொண்டார்.

ஷாஃபிஈ மத்ஹபில் பதலி ஹஜ்ஜை மீகாத்திலிருந்து தொடங்கினாலே போதும் என்பதால், அவர் தம்மாமிலிருந்து வந்தது தடையாகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவுகள் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கும் இது பயன்படும். பிரான்ஸில் இருப்பவர்கள் இப்போது சவூதியின் நுஸுக் தளம் வழியாக நேரடியாகப் பதிவு செய்கிறார்கள். இருவேறு நாடுகளிலிருந்து புறப்படும் பிள்ளைகள் மக்காவில் ஒன்றுகூடலாம்.

தந்தையின் நண்பர்கள்

பயணத்தோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்காவுக்குப் போகும் வழியில் ஒரு கிராமவாசியைச் சந்தித்தார்கள். அவருடைய பெயரையும் தந்தை பெயரையும் கேட்டு உறுதி செய்துகொண்டு, தாம் ஓய்வுக்காக ஏறிவந்த கழுதையையும், தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உடன் வந்தவர்கள் வியந்தார்கள். இவர்கள் சிறிதளவு கொடுத்தாலே மகிழ்பவர்களாயிற்றே என்றார்கள். அந்த மனிதரின் தந்தை தம் தந்தை உமருக்கு நண்பர் என்றும், தந்தையின் மறைவுக்குப் பின் அவருடைய அன்புக்குரியவர்களோடு உறவு பேணுவதே நற்செயல்களில் மிகச் சிறந்தது என நபியவர்கள் கூறக் கேட்டதாகவும் இப்னு உமர் (ரலி) விளக்கினார்கள். முஸ்லிமில் இச்செய்தி உள்ளது.

எங்கள் தந்தையின் நண்பர்களுள் பெரும்பாலோர் வைத்திக்குப்பத்து மீனவர்கள். மாசி மகத்தன்று ஊர் முழுதும் அக்கடற்கரையில் கூடும். அந்த வாரம் அவர்களுக்கு வேலை மிகுதி என்று தந்தை கடன் தவணையைத் தள்ளிவைப்பார்கள். ஹஜ்ஜிலிருந்து திரும்பியதும், பேரீச்சம் பழத்தோடு முதலில் போனது அந்தக் குடியிருப்புக்குத்தான். கடையில் தந்தையோடு அரை நூற்றாண்டு பழகிய முதியவர் ஒருவர், பாய் போயிட்டு வந்துட்டாரா என்று மட்டும் கேட்டார். போய்விட்டு வந்துவிட்டார் என்றோம். அவருக்கு ஃபிக்ஹுச் சட்டம் எதுவும் தெரியாது. ஆனால் பிள்ளைகள் யாருக்காகப் போனார்கள் என்பது தெரிந்திருந்தது.

அன்பினால் மேற்கொள்ளும் பயணத்துக்கு நபியவர்களின் வாழ்விலேயே சான்று உண்டு. ஆறு வயதில் அன்னை ஆமினா அவர்களோடு யத்ரிபுக்குச் சென்றார்கள். தந்தை அப்துல்லாஹ் அடக்கமான ஊர் அது. திரும்பும் வழியில் அப்வா என்னுமிடத்தில் அன்னை மறைந்தார்கள். பல்லாண்டுகளுக்குப் பின், தாயின் கப்றைச் சந்திக்க அல்லாஹ்விடம் அனுமதி பெற்றுச் சென்று நின்றபோது, நபியவர்கள் அழுததையும், சூழ இருந்தவர்கள் அழுததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன.

உயிரோடிருக்கும் பெற்றோர்

நம் பாட்டனார்களைத் தடுத்தவை போர், நோய், கடல், வறுமை. இவை அவர்கள் கையில் இல்லை. இன்று பல வீடுகளில் தாமதத்துக்குக் காரணம் வேறு. வீட்டுக்கு இன்னொரு மாடி, மகளுக்கு இன்னும் சில பவுன், மகனுக்குக் கடை. அதன்பின் ஹஜ் என்கிறோம். பெற்றோர் தாமாகக் கேட்கமாட்டார்கள். பிள்ளைகளின் செலவைக் கூட்டக்கூடாது என்று நினைத்து, எனக்கென்ன அவசரம் என்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது.

எனவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று வேண்டுகோள்கள். தாய் தந்தை உயிரோடிருந்தால் இவ்வாரமே அருகில் அமர்ந்து, அவர்கள் போக விரும்பும் இடம் எது என்று கேளுங்கள். ஹஜ் கடமையாகியிருந்தால் வரும் விண்ணப்பக் காலத்தைத் தவறவிடாதீர்கள். அவர்கள் மறைந்திருந்தால், பாகப்பிரிவினைக்கு முன் அவர்களின் கடமைகளைக் கணக்கெடுங்கள். மகள்களையும் அமரவைத்தே கணக்கெடுங்கள். கடன் எதுவும் இல்லையெனில், அவர்களுக்காகத் துஆச் செய்து, இயன்ற தர்மம் கொடுத்து, அவர்கள் நேசித்தவர்களைப் போய்ச் சந்தியுங்கள். மக்காவுக்குப் போக வசதியில்லாத பிள்ளைக்கும் தந்தையின் நண்பர் வீட்டுக்குப் போக வழி உண்டு.

யா அல்லாஹ்! உன் வீட்டை நோக்கிய ஏக்கத்தோடு மறைந்த எங்கள் பெற்றோரை மன்னிப்பாயாக. அவர்கள் சார்பில் பிள்ளைகள் நிறைவேற்றும் ஹஜ்ஜையும் உம்ராவையும் தர்மத்தையும் ஏற்றுக்கொள்வாயாக. உயிரோடிருக்கும் பெற்றோருக்கு உன் வீட்டைக் காணும் பாக்கியத்தையும், அவர்களை அழைத்துச் செல்லும் ஆற்றலை எங்களுக்கும் தந்தருள்வாயாக. ஆமீன்.